தோட்டாவை மைக்கால் கண்டுபிடிக்க முடியுமா? மலிவான சென்சார்களால் ஆவதும் ஆகாததும்

உக்ரைனில் வானத்தைக் காவல் காக்க ஆயிரக்கணக்கான மைக்குகளைக் கம்பங்களில் கட்டி வைத்திருக்கிறார்கள் என்ற செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். ‘ஸ்கை ஃபோர்ட்ரஸ்’ என்று அதற்குப் பெயர். கிட்டத்தட்ட 10,000 சென்சார்கள், ஒவ்வொன்றுக்கும் 400 முதல் 500 டாலர் வரை செலவு என்று அமெரிக்க விமானப்படையின் ஜெனரல் ஜேம்ஸ் ஹெக்கர் 2024இல் கூறினார். ரஷ்யா ஏவும் ஷாஹெட் வகை ட்ரோன்களின் இன்ஜின் இரைச்சலைக் கேட்டு, அவை எந்தப் பக்கம் போகின்றன என்று சொல்லிவிடுகிற வலைப்பின்னல் அது.

இதைப் படித்ததும் எழும் கேள்வி இயல்பானதுதான். மைக்கும் சின்னக் கணினியும் ட்ரோனைப் பிடிக்குமென்றால், தோட்டாவை, ஏவுகணையை ஏன் பிடிக்காது? பொழுதுபோக்காக மின்னணுச் சுற்றுகள் செய்பவர் மேசையில் கிடக்கும் பாகங்களே இதற்குப் போதுமா?

பதிலில் இரண்டு பாதி உண்டு. வருவதற்கு முன்பே எச்சரிக்க வேண்டுமா, வந்துபோன பிறகு எங்கிருந்து வந்தது, எவ்வளவு வேகம் என்று அறிய வேண்டுமா என்பதைப் பொறுத்து விடை மாறும். இரண்டாவது வேலைக்கு மலிவான பாகங்கள் வியக்கத்தக்க அளவு நன்றாக உழைக்கும். ஆனால் அங்கே அளக்கவேண்டியது சத்தத்தை அல்ல, நேரத்தை. பலரும் நல்ல மைக் தேடிப் பணத்தைச் செலவிடுகிறார்கள். நல்ல கடிகாரமும் சரியான அளவுநாடாவும்தான் முதலில் வேண்டியவை.

ஒலி முந்துமா, பொருள் முந்துமா?

20 டிகிரி செல்சியஸில் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். எல்லாக் கணக்கும் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு மைக் 5 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் இரைச்சலைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சத்தம் மைக்கை அடைய 14.6 விநாடி ஆகும். அதே தொலைவைக் கடக்க வெவ்வேறு பொருள்களுக்கு ஆகும் நேரத்தைப் பாருங்கள்.

1. ஷாஹெட் ட்ரோன் மணிக்கு ஏறத்தாழ 185 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 51 மீட்டர் வேகத்தில் வருகிறது. 5 கிலோமீட்டருக்கு 97 விநாடி. சத்தம் 14.6 விநாடியில் வந்துவிட்டதால் சுமார் 83 விநாடி கையில் மிஞ்சுகிறது.

2. ஒலியைவிடக் குறைந்த வேகத்தில் பறக்கும் குரூஸ் ஏவுகணை விநாடிக்கு 240 மீட்டர் என்று கொண்டால் 21 விநாடியில் வந்து சேரும். மிஞ்சுவது 6 விநாடிதான்.

3. விநாடிக்கு 800 மீட்டர் போகும் துப்பாக்கித் தோட்டா 400 மீட்டரை அரை விநாடியில் கடக்கும் (காற்றுத் தடையால் வேகம் குறைவதை இங்கே விட்டுவிடுவோம்). சுட்ட சத்தம் அதே தொலைவைக் கடக்க 1.17 விநாடி ஆகும். சத்தம் வரும்போது தோட்டா போய் முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவான நேரம் ஆகியிருக்கும்.

மூன்றாவது வரியில்தான் எல்லை இருக்கிறது. ஒலியை மிஞ்சிய வேகத்தில் நேராக உங்களை நோக்கி வரும் எதையும் உங்கள் பக்கத்திலிருக்கும் மைக்கால் முன்கூட்டியே கேட்க முடியாது. மைக் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் இது மாறாது. சென்சாரைப் பல கிலோமீட்டர் முன்னால் வைத்து, அது கேட்டதை ரேடியோவில் அனுப்பினால் மட்டும் கொஞ்சம் நேரம் கிடைக்கும், ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் போவதால். உக்ரைன் வலைப்பின்னல் நாடு முழுக்கப் பரந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தனியாள் செய்யும் கருவிக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே ‘தோட்டா வருகிறது, குனி’ என்று சொல்லும் பெட்டியை யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

சரி, வந்துபோன பிறகு அறிவதற்கு வருவோம். விஷயம் சுவையாவது இங்கேதான்.

ஒரே சுடுதல், பல சத்தங்கள்

துப்பாக்கி சுட்டால் ஒரு சத்தம் என்றுதான் நினைக்கிறோம். மைக்கின் பதிவை விரித்துப் பார்த்தால் குறைந்தது இரண்டு தனித்தனிச் சத்தங்கள் தெரியும்.

முதலாவது, குழல்வாய்ச் சத்தம். வெடிமருந்து எரிந்த வாயு குழலின் வாயிலிருந்து பீறிட்டு வெளியேறும்போது உண்டாவது. அது அந்த இடத்திலிருந்து எல்லாப் பக்கமும் பரவும். சில மில்லி விநாடி நீடிக்கும். கீழ்ச்சுருதி ஒலிகளே இதில் அதிகம்.

இரண்டாவது, தோட்டாவே உண்டாக்கும் அதிர்ச்சி அலை. ஒலியைவிட வேகமாகப் போகும் பொருளுக்கு முன்னால் இருக்கும் காற்றுக்கு விலகிக்கொள்ள அவகாசமே இல்லை. அழுத்தம் திடீரென்று எகிறி, படகின் இரு பக்கமும் விரியும் நீரலைபோல ஒரு கூம்பாகப் பின்னால் விரிகிறது. இதற்கு மாக் கூம்பு என்று பெயர். ஏர்ன்ஸ்ட் மாக்கின் யோசனைப்படி பீட்டர் சால்ச்சர் 1886இல் பறக்கும் தோட்டாவைச் சுற்றியிருந்த இந்த அலையைப் புகைப்படமே எடுத்துவிட்டார். கூம்பின் அகலம் வேகத்தைப் பொறுத்தது. பொருளின் வேகத்தை ஒலியின் வேகத்தால் வகுத்தால் வருவது மாக் எண். ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் வருவது கூம்பின் அரைக்கோணத்தின் சைன். விநாடிக்கு 800 மீட்டர் போகும் தோட்டாவுக்கு மாக் எண் 2.33, அரைக்கோணம் சுமார் 25 டிகிரி.

இந்த அலையை மைக் வழியாகப் பார்த்தால் ஆங்கில ‘என்’ எழுத்தின் வடிவம் தெரியும். அழுத்தம் செங்குத்தாக ஏறி, சாய்வாக இறங்கி, மறுபடி செங்குத்தாக ஏறிப் பழைய நிலைக்கு வரும். மிகச் சிறிய பொழுது இது. ஜி. பி. விட்டம் 1952இல் வெளியிட்ட சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், 7.62 மில்லிமீட்டர் தோட்டா மாக் 2.5இல் போகும்போது அதன் பாதையிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்கும் மைக்குக்கு அழுத்த உச்சம் சுமார் 220 பாஸ்கல், அதாவது 141 டெசிபல் கிடைக்கும். நீளம் 240 மைக்ரோ விநாடி. 1 மீட்டர் தள்ளி இருந்தால் 1,200 பாஸ்கலைத் தாண்டும். நீளமோ 130 மைக்ரோ விநாடிக்குக் குறையும். இந்த எண்களை நினைவில் வையுங்கள், பாகங்கள் தேர்வு முழுவதும் இவற்றைச் சுற்றித்தான்.

இவை தவிர, தோட்டா இலக்கில் மோதும் சத்தம், துப்பாக்கியின் உள்பாகங்கள் நகரும் சத்தம், சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலிகள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஒலியைவிட மெதுவாகப் போகும் காற்றுத்துப்பாக்கிக் குண்டு, அம்பு போன்றவற்றுக்கு அதிர்ச்சி அலையே கிடையாது. அவற்றுக்குப் புறப்படும் சத்தமும் மோதும் சத்தமும்தான் ஆதாரம்.

திசை ஏமாற்றும் இடம்

இந்தத் துறையில் புதிதாக இறங்குகிறவர்கள் தடுமாறும் முக்கியமான இடம் இது.

அதிர்ச்சி அலை சுட்டவரிடமிருந்து வருவதில்லை. தோட்டாவின் பாதையில் ஏதோ ஒரு புள்ளியிலிருந்து, கூம்பின் பரப்புக்குச் செங்குத்தாக வருகிறது. மாக் 2.33 தோட்டாவுக்கு, அலை நகரும் திசை தோட்டா நகரும் திசையிலிருந்து 65 டிகிரி விலகியிருக்கும். நான்கு மைக் வைத்து முதலில் வந்த சத்தத்தின் திசையை மிகச் சரியாகக் கணக்கிட்டாலும், அது சுட்ட இடத்தைக் காட்டாது. பக்கவாட்டில் எங்கேயோ காட்டும். மனிதக் காதுக்கும் இதே ஏமாற்றம்தான். படீர் என்ற கூர்மையான ஓசை ஒரு பக்கமும், பின்னால் வரும் முழக்கம், அதாவது குழல்வாய்ச் சத்தம், வேறு பக்கமும் கேட்கும்.

ஆகவே இரண்டு சத்தங்களையும் பிரித்தே ஆக வேண்டும். பிரித்துவிட்டால் ஒரு பெரிய பயன் கிடைக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள நேரத்தைக் கொண்டு தொலைவையே கணக்கிடலாம்.

தோட்டா மைக்குக்கு மிக அருகில் கடந்து போகிறது என்று வைப்போம். சுட்டவர் 300 மீட்டர் தொலைவில் இருக்கிறார்; தோட்டாவின் சராசரி வேகம் விநாடிக்கு 700 மீட்டர். தோட்டாவும் அதன் அதிர்ச்சி அலையும் 0.43 விநாடியில் வரும். முழக்கம் 0.87 விநாடியில் வரும். இடைவெளி 0.45 விநாடி. இதைத் திருப்பிப் போட்டால், இந்த வேகத்துக்கு இடைவெளியில் ஒவ்வொரு பத்தில் ஒரு விநாடிக்கும் 67 மீட்டர் தொலைவு.

ஆனால் தோட்டாவின் வேகம் நமக்குத் தெரியாதே? அங்கேதான் பிழை புகுகிறது. உண்மையில் 700ஆக இருக்கும் வேகத்தை 600 என்று எடுத்துக்கொண்டால் 300 மீட்டர் 357 மீட்டராகக் காட்டும். இந்த ஒரே அனுமானத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு தவறு. அமெரிக்க ராணுவம் ஈராக்கில் வண்டிகள்மேல் பொருத்திய ‘பூமராங்’ கருவியில் ஒரு கம்பத்தைச் சுற்றி ஏழு மைக்குகள் வைத்திருந்தார்கள். அதிர்ச்சி அலை, முழக்கம் இரண்டின் திசைகளையும் நேரங்களையும் சேர்த்துப் பொருத்திப் பார்த்தால், வேகத்தை முன்கூட்டி அனுமானிக்க வேண்டிய தேவை குறையும். மைக்குகள் கூடக்கூட அதற்கு வழி பிறக்கிறது.

நூறாண்டுக்கு முன்பே கற்ற பாடம்

இந்த இரண்டு சத்தங்களைப் பிரிக்கும் சிக்கல் முதல் உலகப்போரிலேயே எழுந்துவிட்டது. எதிரியின் பீரங்கி எங்கே இருக்கிறது என்று ஒலியை வைத்துக் கண்டுபிடிக்கும் பொறுப்பு 1915இல் வில்லியம் லாரன்ஸ் பிராக்கிடம் வந்தது. அதே ஆண்டு தந்தையோடு சேர்ந்து இயற்பியல் நோபல் பெற்ற 25 வயது இளைஞர் அவர். பாரிஸில் லூசியன் புல் செய்து வைத்திருந்த பதிவுக்கருவி, பல மைக்குகளின் சமிக்ஞைகளை ஒரே படச்சுருளில் நேரக்கோடுகளோடு பதிவு செய்தது. கருவி நன்றாகத்தான் இருந்தது. மைக்தான் சொதப்பியது.

அப்போதிருந்த கார்பன் மைக்குகள் குண்டின் அதிர்ச்சி அலைக்குத் துள்ளின. மனிதப் பேச்சுக்கும் வண்டிச் சத்தத்துக்கும்கூடத் துள்ளின. பீரங்கியின் ஆழ்ந்த கீழ்ச்சுருதி முழக்கத்துக்கு மட்டும் அசையவில்லை. பிராக்கின் குழுவில் சேர்ந்த டக்கர் என்பவர், பீரங்கி முழங்கும்போதெல்லாம் தன் படுக்கைக்கு அருகிலிருந்த எலிப்பொந்துகள் வழியாகக் குளிர்காற்று முகத்தில் படுவதைக் கவனித்தார். காதுக்குச் சரியாகக் கேட்காத அந்த அழுத்த அலை காற்றையே தள்ளுகிறது என்று அதிலிருந்து புரிந்தது. ஒரு பெட்டியின் துளையில் மெல்லிய பிளாட்டினக் கம்பியைச் சூடாக்கி வைத்தார். முழக்கத்தால் காற்று அந்தத் துளை வழியாக அசையும்போது கம்பி குளிர்ந்து அதன் மின்தடை மாறும். அதிர்ச்சி அலைக்கு அது அசையவில்லை, முழக்கத்துக்கு மட்டும் அசைந்தது. 1916க்குப் பிறகு அந்த முறை போர்முனையில் பெரிதாக உதவியது.

எதைக் கேட்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, பிறகு அதற்கேற்ற சென்சாரையும் வடிகட்டியையும் தேர்ந்தெடுக்கும் இந்த வரிசை இன்றைக்கும் மாறவில்லை. இன்று மென்பொருளில் சில வரிகளில் வடிகட்டி எழுதலாம் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

நேரத்தை இடமாக்குவது எப்படி?

ஒரே சத்தம் இரண்டு மைக்குகளுக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்கிறது. அந்த வித்தியாசத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கினால், இரண்டு மைக்குகளுக்கும் சத்தத்தின் மூலத்துக்கும் இடையிலான தொலைவுகளின் வித்தியாசம் கிடைக்கும். தளத்தில் வரைந்தால் அந்த வித்தியாசத்துக்குப் பொருந்தும் புள்ளிகள் எல்லாம் அதிபரவளையம் என்ற ஒரு வளைகோட்டில் விழும். மூன்றாவது மைக் இன்னொரு வளைவைத் தரும். இரண்டும் வெட்டும் இடம் மூலம். உயரமும் வேண்டுமென்றால் நான்காவது மைக், அதுவும் மற்ற மூன்றின் தளத்துக்கு வெளியே இருக்கவேண்டும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதற்குச் சில எண்கள்:

1. ஒரு மில்லி விநாடி என்றால் 34 சென்டிமீட்டர். ஒரு மைக்ரோ விநாடி என்றால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு.

2. விநாடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் சாதாரண ஆடியோவில் ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் 20.8 மைக்ரோ விநாடி இடைவெளி. ஒலி அதற்குள் 7 மில்லிமீட்டர் போய்விடும்.

3. ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு மைக்குகளுக்கு நேர் எதிரிலிருந்து சத்தம் வரும்போது, திசை ஒரு டிகிரி மாறினால் நேர வித்தியாசம் 51 மைக்ரோ விநாடி மாறும். இடைவெளி 10 சென்டிமீட்டர் என்றால் 5 மைக்ரோ விநாடிதான்.

மூன்றாவதைக் கவனியுங்கள். மைக்குகளைத் தள்ளி வைப்பது செலவில்லாத துல்லியம். விலை உயர்ந்த சில்லு வாங்குவதற்கு முன்னால் ஒரு நீளமான கம்பு வாங்கலாம். மைக்குகளை இணைக்கும் கோட்டின் போக்கிலேயே சத்தம் வந்தால் துல்லியம் மோசமாகும். அதனால்தான் ஒரே வரிசையில் வைக்காமல் சுற்றி வைக்கிறார்கள்.

மேசையில் கிடக்கும் பாகங்கள் தாங்குமா?

மைக் முதலில். கைபேசிகளில் இருப்பது போன்ற மெம்ஸ் மைக்குகள் இன்று எல்லாப் பொழுதுபோக்காளர்களுக்கும் எளிதில் கிடைக்கின்றன. ஐ.என்.எம்.பி.441 என்ற பிரபலமான மைக்கின் தாங்கும் எல்லை 120 டெசிபல். நாம் பார்த்த அதிர்ச்சி அலை 10 மீட்டரில் 141 டெசிபல். ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம். ஆகவே அலையின் தலை வெட்டப்பட்டுத் தட்டையாகத் தெரியும். இதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. வந்து சேர்ந்த நேரம் மட்டும் வேண்டுமென்றால், தலை வெட்டுப்பட்டாலும் அடி வெட்டுப்படவில்லை. ஏறத் தொடங்கிய கணம் பதிவில் இருக்கிறது. அலையின் உயரமும் வடிவமும் வேண்டுமென்றால்தான் 130 டெசிபலுக்கு மேல் தாங்கும் மைக்கைத் தேடவேண்டும். தானாகவே ஒலிப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் சுற்று உள்ள மைக் பலகைகளை மட்டும் தவிருங்கள். மாக்ஸ்9814 அப்படிப்பட்டது. பேச்சுக்கு நல்லது, இங்கே, முதல் சத்தத்தில் மிரண்டு பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டு, பின்னால் வரும் முழக்கத்தை அமுக்கிவிடும். இலக்குப் பலகையில் மோதுவதைப் பிடிக்கப் பலகையில் ஒட்டிய பீசோ தகடே (அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் சிறு தகடு) போதும்.

அடுத்தது, சமிக்ஞையை எண்ணாக்கும் வேகம். ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையில், மின்னழுத்தத்தை அளக்கும் வழக்கமான அனலாக் வாசிப்பு ஒன்றுக்கு 100 மைக்ரோ விநாடிக்கு மேல் ஆகும். 240 மைக்ரோ விநாடி நீள அலையில் அது இரண்டு புள்ளி எடுக்கும். நான்கு மைக்கை மாறி மாறி வாசித்தால் அலை வந்ததே தெரியாமல் போகலாம். பலர் இங்கேயே ‘ஆர்டுயினோவால் முடியாது’ என்று கைவிடுகிறார்கள். அதே சில்லுக்குள் இன்னொரு வழி இருக்கிறது. மைக்கின் சமிக்ஞையை எல்.எம்.393 போன்ற கம்பரேட்டரில் கொடுத்து, குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் ஒரு துடிப்பாக மாற்றினால், அந்தத் துடிப்பு வந்த கணத்தைச் சில்லின் டைமரே பிடித்துவைக்கும். 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் அதன் நுணுக்கம் ஒரு மைக்ரோ விநாடியில் பதினாறில் ஒரு பங்கு. அதற்கான இணைப்புக் கால் ஊனோவில் ஒன்றுதான் இருக்கிறது என்பது குறை. நான்கு மைக்குக்கு, ராஸ்பெரி பை பிகோவின் நிரலாக்கக்கூடிய உள்ளீட்டுப் பகுதியோ, பல டைமர்கள் உள்ள டீன்சி, எஸ்.டி.எம்.32 பலகைகளோ வசதி.

துடிப்பின் நேரத்தை மட்டும் பிடிப்பது, சத்தம் முழுவதையும் பதிவு செய்வது என்ற இரண்டு வழிகளுள், பதிவு செய்யும் வழியைத்தான் முதலில் எடுக்கவேண்டும் என்பது என் பரிந்துரை. இ.எஸ்.பி.32 என்ற சில்லில் இரண்டு டிஜிட்டல் ஆடியோ வாயில்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு மெம்ஸ் மைக் வைத்து, நான்கையும் ஒரே கடிகாரத்தில் ஓட்டலாம். கம்பரேட்டர் ‘ஏதோ வந்தது’ என்று மட்டும் சொல்லும். பதிவு இருந்தால் எது அதிர்ச்சி அலை, எது எதிரொலி என்று பிறகு உட்கார்ந்து பார்க்கலாம். இரண்டு மைக்கின் பதிவுகளை ஒன்றின்மேல் ஒன்று நகர்த்திப் பொருத்திப் பார்த்து, ஒரு மாதிரி இடைவெளியைவிட நுணுக்கமாகவே நேர வித்தியாசம் எடுக்கலாம். கம்பரேட்டருக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. 20 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டும் கேட்கும் மைக், செங்குத்தான அழுத்த ஏற்றத்தையும் 17 மைக்ரோ விநாடி எடுக்கும் சாய்வாகவே காட்டும். உரத்த சத்தம் அந்தச் சாய்வில் எல்லைக்கோட்டைச் சீக்கிரம் தாண்டும். மெல்லிய சத்தம் தாமதமாகத் தாண்டும். பக்கத்து மைக் எப்போதும் கொஞ்சம் முந்தும். எந்தத் துல்லியமான டைமராலும் இந்தப் பிழையைச் சரிசெய்ய முடியாது.

அப்புறம், கடிகாரங்களை ஒத்திசைப்பது. எல்லா மைக்கும் ஒரே பலகையில் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. தனித்தனிப் பெட்டிகளாகப் பரப்பி வைத்தால், பலகையின் கடிகாரத்தை ஓட்டும் சாதாரணப் படிகம் ஒன்று பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால் ஒரு விநாடியில் 20 மைக்ரோ விநாடி தள்ளிப்போகும். ஒரு நிமிடத்தில் 1.2 மில்லி விநாடி. ஜி.பி.எஸ். தொகுதிகள் விநாடிக்கு ஒரு முறை தரும் துடிப்பு இதற்கு நல்ல மருந்து. நியோ-6எம் போன்ற மலிவான தொகுதியிலும் அந்தத் துடிப்பின் பிழை பல பத்து நானோ விநாடிக்குள்தான். வைஃபை வழியாக நேரம் ஒத்திசைத்தால் பிழை மில்லி விநாடிகளில் இருக்கும். 10 மில்லி விநாடி என்றாலும் 3.4 மீட்டர்தான், பெட்டிகள் 500 மீட்டர் தள்ளித்தள்ளி இருந்து, எந்தத் தோப்பில் சுட்டார்கள் என்று அறிந்தால் போதுமென்றால் அதுவே ஏராளம். இலக்குப் பலகையில் துளை எங்கே விழுந்தது என்று பார்க்க அது உதவாது.

பிழைகள் எங்கிருந்து வருகின்றன?

1. வெப்பநிலை. ஒரு டிகிரிக்கு ஒலியின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் மாறும். 10 டிகிரி தவறாக எடுத்தால் 1.8 சதவீதப் பிழை. ஒரு வெப்பமானியைச் சேர்த்துவிடுங்கள்.

2. காற்று வீசுதல். விநாடிக்கு 5 மீட்டர் காற்று, ஒலியின் வேகத்தை அதன் திசையில் அவ்வளவு கூட்டும், எதிர்த்திசையில் குறைக்கும். வீச்சு மைக்கில் உண்டாக்கும் இரைச்சலோ வேறு தொல்லை. அதற்குப் பஞ்சு உறை.

3. எதிரொலி. தரைக்கு அருகில் வைத்த மைக்குக்கு நேரான அலைக்குப் பின்னால் உடனே தரை எதிரொலி வந்து ஒட்டிக்கொள்ளும். கட்டிடங்களுக்கு நடுவில், நேர்வழி மறைக்கப்பட்டு எதிரொலி மட்டுமே வந்து சேரலாம். அப்போது கணக்கு எல்லாம் சரியாக இருந்தும் விடை பொய்.

4. மைக் இருக்கும் இடம். ஒரு மைக்கை ஒரு சென்டிமீட்டர் தவறாக அளந்தால் அது 29 மைக்ரோ விநாடிப் பிழைக்குச் சமம். டைமரின் நானோ விநாடி நுணுக்கம் அங்கேயே வீண்.

நன்றாகப் பலிக்கும் இரண்டு வேலைகள்

முதலாவது, வேகம் அளப்பது. தோட்டாவின் பாதைக்கு இணையாக, பாதையிலிருந்து ஒரே தொலைவில், ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு மைக்குகளை வையுங்கள். மாக் கூம்பு தோட்டாவோடு சேர்ந்தே நகர்வதால், அது ஒரு மைக்கைத் தொட்டு அடுத்ததைத் தொடும் நேரம் தோட்டா ஒரு மீட்டர் போகும் நேரத்துக்குச் சமம். ஒலியின் வேகம் கணக்கிலிருந்தே கழன்றுவிடுகிறது, வெப்பமானிகூட வேண்டாம். இந்த ஏற்பாட்டின் அழகு எனக்கு மிகவும் பிடிக்கும். விநாடிக்கு 800 மீட்டருக்கு இடைவெளி 1.25 மில்லி விநாடி. ‘ஒரே தொலைவில்’ என்ற நிபந்தனையில் மட்டும் கறாராக இருக்கவேண்டும்: ஒரு மைக் பாதையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகத் தள்ளியிருந்தால் 26 மைக்ரோ விநாடி பிசகும், வேகம் 17 மீட்டர் தவறாகக் காட்டும்.

இரண்டாவது, மின்னணு இலக்குப் பலகை. சுடுதல் போட்டிகளில் தாளில் துளையைத் தேடாமல் உடனே புள்ளி காட்டும் பலகைகளில் இந்த முறை நெடுங்காலமாக இருக்கிறது. நான்கு மூலைகளிலும் மைக். வந்த நேரங்களிலிருந்து தோட்டா கடந்த புள்ளி. இதில் ஒரு நுணுக்கம். பலகை திறந்த சட்டமாக இருந்து, ஒலியை மிஞ்சிய தோட்டா செங்குத்தாக ஊடுருவினால், பலகையின் தளத்தில் கூம்பு விரியும் வேகம் 343 அல்ல. மாக் 2.33இல் அது விநாடிக்கு 380 மீட்டர். கூம்பு சாய்ந்திருப்பதால் வரும் வித்தியாசம் இது. இதை விட்டுவிட்டு 343ஐப் போட்டால் புள்ளிகள் எல்லாம் நடுவை நோக்கி இழுபடும். காற்றுத்துப்பாக்கிக் குண்டு மெதுவாகப் போவதால் அதற்குத் திறந்த சட்டம் உதவாது. மூடிய பெட்டியின் முன்பக்கச் சவ்வைக் குண்டு துளைக்கும் சத்தத்தை உள்ளே வைத்த மைக்குகள் கேட்கவேண்டும்.

சோதனைகள் எல்லாம் உரிமம் பெற்ற சுடுதளத்தில், அங்குள்ள பொறுப்பாளரின் அனுமதியோடும் காதுக் காப்போடும்தான். 140 டெசிபலைத் தாண்டும் உச்ச ஒலி ஒரே தடவையில் செவித்திறனைக் கெடுக்கக்கூடியது.

கேட்டது துப்பாக்கிதானா?

இடத்தைக் கணக்கிடுவது வடிவியல். கேட்டது என்ன என்று தீர்மானிப்பது அதைவிடக் கடினம். பட்டாசு, வண்டியின் வெடிப்புச் சத்தம், பலகை விழும் சத்தம் எல்லாமே கம்பரேட்டருக்கு ஒன்றுதான்.

நகரங்களில் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டுக் காவல்துறைக்குச் சொல்லும் ‘ஷாட்ஸ்பாட்டர்’ அமைப்பைப் பற்றி சிகாகோ நகரத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2021 ஆகஸ்டில் ஒரு அறிக்கை வெளியிட்டது. ஆராய்ந்த எச்சரிக்கைகளில் 9.1 சதவீதத்தில்தான் துப்பாக்கிக் குற்றத்துக்கான சான்று பதிவாகியிருந்தது. மீதி எல்லாம் பொய்ச்சத்தம் என்று அதற்குப் பொருள் அல்ல. சுட்டவர் ஓடிவிட்டால் சான்று கிடைக்காமலும் போகும். ஆனால் எந்த எச்சரிக்கை மெய், எது பொய் என்று பிறகு சரிபார்க்கவே முடியாத நிலை அது. ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஆயுதத்தோடு காவலர்கள் ஒரு தெருவுக்குள் போகிறார்கள் என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. 2024 செப்டம்பரில் சிகாகோ அந்த அமைப்பை நிறுத்திவிட்டது.

தனியாள் செய்யும் கருவியில் அடையாளத்தை உறுதிப்படுத்த நல்ல வழி, ஒரே சத்தத்தை நம்பாமல் இணையைத் தேடுவது. 200 மைக்ரோ விநாடி அளவிலான கூர்மையான அலை, அதன் பின்னால் சில மில்லி விநாடி நீளும் முழக்கம், இரண்டின் திசையும் வேறு என்று மூன்றும் சேர்ந்து வந்தால் அது பட்டாசாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒலியைவிட மெதுவான தோட்டாவுக்கு இந்த உதவி கிடைக்காது. பிரிட்டன் ஆராய்ச்சியாளர்கள் திறந்த வடிவமைப்பில் உருவாக்கிய ‘ஆடியோமாத்’ என்ற சிறு பதிவுக்கருவியை பெலிஸ் நாட்டுக் காட்டில் வைத்து, திருட்டு வேட்டையின் துப்பாக்கிச் சத்தத்தைத் தேடினார்கள். தொடர்ந்து பதிவு செய்யாமல், துப்பாக்கி போலத் தோன்றியதை மட்டும் கருவியே தேர்ந்து சேமித்ததால் பேட்டரி நெடுநாள் வந்தது. காட்டில் பட்டாசு இல்லை, வண்டிகள் இல்லை என்பது அங்கே பெரிய துணை. கிளை முறியும் சத்தமும் இடியும்தான் போட்டி.

மக்கள் நடமாடும் இடத்தில் வைக்கும் மைக் பேச்சையும் கேட்கும். பல நாடுகளில் பிறர் பேச்சை அனுமதியின்றிப் பதிவு செய்வது குற்றம். இந்த வேலைக்கோ பேச்சு எதுவும் தேவையில்லை: சில விநாடி அளவுள்ள நினைவுப்பகுதியில் புதியது பழையதன்மேல் எழுதிக்கொண்டே போகட்டும், எல்லைக்கோட்டைத் தாண்டிய கணத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு விநாடியை மட்டும் கருவி எடுத்துவைக்கட்டும். 500 மீட்டர் தொலைவிலிருந்து வரும் முழக்கம்கூட அதற்குள் வந்துவிடும்.